கேள்வி – பதில்: லோரா தூரம் போகவில்லை, பேட்டரி நிற்கவில்லை!

தோப்பு, தொட்டி, தறிக்கூடம், படகு என்று எங்கெங்கிருந்தோ, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் சிறு தகவல் அனுப்பும் லோரா ரேடியோ பற்றிக் கேள்விகள் வந்திருக்கின்றன. பிரித்துப் பார்த்தால் இரண்டு புகார்களே திரும்பத் திரும்ப வருகின்றன: சொன்ன தூரம் போகவில்லை, சொன்ன நாள் பேட்டரி வரவில்லை. அவற்றுக்குக் கொஞ்சம் நீளமாகவும், மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் தருகிறோம்.

கேள்வி: லோரா, லோராவான் இரண்டும் ஒன்றுதானா? கடையில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– பொறியியல் மாணவர், திருச்சி

ஒன்றல்ல. லோரா என்பது ரேடியோ அலையில் தகவலை ஏற்றும் முறை. நாதஸ்வரத்தில் ஜாரு போடும்போது ஸ்வரம் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகுமே, அதுபோல அலைவரிசை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வழுக்குகிறது. வழுக்கல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதில்தான் தகவல் இருக்கிறது. நிதானமாக வழுக்கினால் இரைச்சலுக்குள் புதைந்த சமிக்ஞையையும் தோண்டி எடுக்கலாம். எஸ்எஃப்12 என்ற மிக நிதானமான வேகத்தில், இரைச்சலைவிட 20 டெசிபல் கீழே, அதாவது நூறில் ஒரு பங்கு வலிமையில் வரும் சமிக்ஞைகூடப் பிடிபடும். பிரான்சின் கிரெனோபிள் நகரில் சிக்லியோ என்ற சிறு நிறுவனம் உருவாக்கிய இந்த நுட்பத்தை 2012இல் செம்டெக் வாங்கியது.

லோராவான் என்பது அதன் மேல் கட்டிய ஒழுங்குமுறை. எந்தக் கருவி எப்போது பேசும், மறையாக்கச் சாவி எது, கருவிகளின் பேச்சைக் கேட்டு இணையத்துக்குக் கடத்தும் கேட்வே எங்கே அனுப்பும் என்பதெல்லாம் அதில் அடங்கும். 2015இல் தொடங்கிய லோரா அலையன்ஸ் அதைப் பராமரிக்கிறது. 2021 டிசம்பரில் உலகத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவும் அதைத் தரநிலையாக ஏற்றது. வீட்டுக்கும் கிணற்றுக்கும் இடையே இரண்டே கருவிகள் பேச வேண்டுமென்றால் வெறும் லோரா போதும். ஐம்பது கருவிகள் என்றால் லோராவானுக்குப் போங்கள்.

கேள்வி: 15 கிலோமீட்டர் போகும் என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். வீட்டு மாடி ஜன்னலில் ஒன்று, தோப்பு மோட்டார் ரூமில் ஒன்று. தூரம் 1.2 கிலோமீட்டர்தான். 600 மீட்டரிலேயே அறுந்துவிடுகிறது. மாட்யூல் போலியா?
– தென்னை விவசாயி, பொள்ளாச்சி

மாட்யூல் போலியாக இருக்க வாய்ப்பு குறைவு. 15 கிலோமீட்டரும் பொய்யல்ல. 2017இல் 38 கிலோமீட்டர் உயரத்தில் பறந்த பலூனிலிருந்து வெறும் 25 மில்லிவாட்டில் கிளம்பிய லோராவான் தகவல் 702 கிலோமீட்டர் தள்ளி எட்டியிருக்கிறது. அந்த வாக்கியத்தில் கவனிக்க வேண்டிய சொல் 'பலூன்'. இடையில் மரமும் இல்லை, மண்ணும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 866 மெகாஹெர்ட்ஸில் 5 கிலோமீட்டருக்கு வெட்டவெளி இழப்பு சுமார் 105 டெசிபல். 14 டிபிஎம் (25 மில்லிவாட்) வலிமையில் அனுப்பி, எஸ்எஃப்7 என்ற வேகமான அமைப்பில் மைனஸ் 123 டிபிஎம் வரை கேட்கும் சிப்புக்கு 137 டெசிபல் கையிருப்பு உண்டு. 32 டெசிபல் மிச்சம். அந்த மிச்சத்தைத் தின்பவை மட்டை, சுவர், தரை, கேபிள், தப்பான ஆன்டெனா.

முதலில் உயரம். ரேடியோ அலை நூல் பிடித்ததுபோல் நேர்க்கோட்டில் மட்டும் போவதில்லை. நடுவில் பருத்த வெள்ளரிக்காய் வடிவில் ஓர் இடம் அதற்கு வேண்டும். இதை ஃப்ரெனல் மண்டலம் என்பார்கள். உங்கள் 1.2 கிலோமீட்டருக்கு நடுப்பகுதியில் அதன் ஆரம் 10 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது 6 மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும். ஜன்னல் 4 மீட்டர், மோட்டார் ரூம் 1 மீட்டர் என்றால் நடுவில் கோடு போகும் உயரம் இரண்டரை மீட்டர். பாதி அலை தரையிலேயே உரசுகிறது. மொட்டை மாடியில் ஜிஐ பைப் நட்டு வீட்டு ஆன்டெனாவை 12 மீட்டருக்கு ஏற்றி, தோப்புப் பக்கம் 3 மீட்டருக்குக் கொண்டுபோனால் நடு உயரம் ஏழரை மீட்டர் ஆகும். தோப்புக்குள் ஆன்டெனாவை மட்டைகளின் நடுவே கட்டாதீர்கள். ஒன்று மட்டைக்கு மேலே போக வேண்டும், இல்லையேல் அடிமரங்களுக்கு இடையே திறந்த பகுதியில் நிற்க வேண்டும். மழையில் நனைந்த மட்டை இன்னும் மோசம். கோடையில் ஓடி ஐப்பசியில் நின்றுபோகும் இணைப்புகளுக்கு இதுதான் காரணம்.

அடுத்து ஆன்டெனா. மாட்யூலோடு வரும் ஸ்பிரிங் ஆன்டெனா பல நேரம் 433 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டியதாக இருக்கும். 866க்கு கால் அலை நீளம் 8.6 சென்டிமீட்டர்; 433க்கு 17 சென்டிமீட்டர். சோதிக்க எளிய வழி: ஒற்றைக் கம்பி செப்பு ஒயரை 8.6 சென்டிமீட்டர் வெட்டி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் நேராகப் பற்ற வையுங்கள். வலிமை கூடினால் ஸ்பிரிங்தான் திருடன். திருகும் ஆன்டெனா என்றால் இணைப்பியின் நடுவைப் பாருங்கள். ஒரு பக்கம் ஊசி, மறுபக்கம் துளை இருக்க வேண்டும். ஒரே மரை, ஆனால் ஊசியும் துளையும் இடம் மாறிய எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்ற இரண்டு வகை இணைப்பிகளைச் சேர்த்துத் திருகினால் மரை நன்றாக இறுகும், ஆனால் ஊசி ஊசியை முட்டும், அல்லது இரண்டு பக்கமும் துளையாகி நடுவில் தொடர்பே இருக்காது. வைஃபை ரவுட்டர் ஆன்டெனாவைக் கழற்றி மாட்டுகிறவர்கள் வழக்கமாக விழும் குழி இது.

கேபிள் நீளத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆர்ஜி58 கேபிள் இந்த அலைவரிசையில் மீட்டருக்குச் சுமார் அரை டெசிபல் தின்னும். மெல்லிய ஆர்ஜி174 ஏறக்குறைய ஒரு டெசிபல். எல்எம்ஆர்400 போட்டால் 10 மீட்டருக்கு 1.3 டெசிபல்தான், ஆனால் விலை கடிக்கும். அதைவிடக் கருவியையே நீர் புகாத பெட்டியில் வைத்து ஆன்டெனாவின் அடியிலேயே கட்டி, கீழிருந்து மின்சார ஒயரை மட்டும் மேலே கொண்டுபோவது சிக்கனம்.

இன்னொன்று, இது மென்பொருள் கோளாறு. ஆர்எஃப்எம்95 என்ற லோரா மாட்யூலில் பிஏ-பூஸ்ட் என்ற கால் மட்டுமே ஆன்டெனாவுக்கு இணைக்கப்பட்டிருக்கிறது. நிரலில் வெளியீட்டுக் கால் ஆர்எஃப்ஓ என்று இருந்தால் எல்லாம் ஓடுவதுபோலவே தெரியும், தூரம் மட்டும் சில பத்து மீட்டரில் நின்றுவிடும். உங்களுக்கு 600 மீட்டர் போவதால் இது இல்லை. ஆனால் 'தெருமுனை தாண்டவில்லை' என்று எழுதிய மற்ற இருவர் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஆர்எஸ்எஸ்ஐ (வந்த சமிக்ஞையின் வலிமை), எஸ்என்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்ட வலிமை) இரண்டையும் குறித்து வையுங்கள். எஸ்எஃப்7இல் எஸ்என்ஆர் மைனஸ் 7.5க்குக் கீழே போனால் அறுந்துவிடும். எஸ்எஃப்10இல் மைனஸ் 15 வரை தாங்கும். மைனஸ் 5இல் ஓடுகிற இணைப்பை 'ஓடுகிறது' என்று விட்டுவிடாதீர்கள். பத்து டெசிபல் கையிருப்பு இருந்தால்தான் மழைக்காலம் தாண்டும்.

கேள்வி: 433, 868, 915 என்று மூன்று வகை விற்கிறார்கள். 433 விலை குறைவு. எதை வாங்க?
– எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர், மதுரை

868 என்று எழுதியதை வாங்கி, 865–867க்குள் அமைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2005 முதல் இந்தப் பட்டையில் உரிமம் இல்லாமல் 1 வாட் வரை அனுப்பலாம்; சேனல் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். லோராவின் வழக்கமான 125 அதில் தாராளமாக அடங்கும். 2021இல் மேல் எல்லை 868 வரை நீட்டப்பட்டது. உரிமம் வேண்டாம் என்றாலும், கருவியைத் தயாரித்து அல்லது இறக்குமதி செய்து விற்பவருக்கு, மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசியின் வகை ஒப்புதல் வேண்டும். கடைக்காரர் என்பதால் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

433இல் நம் விதி தருவது 10 மில்லிவாட், 10 கிலோஹெர்ட்ஸ் சேனல். லோரா அதற்குள் நுழையாது. 915 மாட்யூலை அமெரிக்க அமைப்பிலேயே ஓடவிட்டால் 902இலிருந்து பேசும். 890–915 இங்கே கைபேசிகள் டவரை நோக்கிப் பேசும் இடம். அங்கே வாய் வைக்கவே கூடாது. எங்கள் கருத்து: 433 இனி வாங்கி அடுக்காதீர்கள்.

கேள்வி: ஐந்து வருடம் ஓடும் என்றார்கள். 2600 எம்ஏஎச் 18650 செல், ஈஎஸ்பி32 போர்டு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை மண் ஈரம் அனுப்புகிறது. பதினோராம் நாள் செத்துவிட்டது. லோரா இவ்வளவு மின்சாரம் குடிக்குமா?
– காய்கறி விவசாயி, ஒட்டன்சத்திரம்

லோரா குடிக்கவில்லை. 2600ஐ 11 நாளின் 264 மணி நேரத்தால் வகுத்தால் சராசரி 9.8 மில்லிஆம்பியர். இரவு பகலாக, தூங்கும்போதும், அவ்வளவு ஓடியிருக்கிறது. ரேடியோவின் பங்கு என்ன தெரியுமா? 10 பைட் தகவல் எஸ்எஃப்7இல் காற்றில் இருப்பது 62 மில்லிவினாடி. நாளுக்கு 96 முறை என்றால் 6 வினாடி. முழு வலிமையில் 120 மில்லிஆம்பியர் என்று வைத்தாலும் நாளொன்றுக்கு 0.2 எம்ஏஎச். பதினொரு நாளில் மூன்று எம்ஏஎச்கூட இல்லை. மிச்ச 2597ஐத் தின்றது போர்டு.

ஈஎஸ்பி32 போன்ற டெவலப்மென்ட் போர்டு மேசையில் வைத்துப் பழகுவதற்கு. அதில் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் சும்மா இருப்பதற்கே சுமார் 5 மில்லிஆம்பியர் எடுக்கும். பவர் எல்இடி ஒன்றிரண்டு எடுக்கும். யூஎஸ்பி சிப் ஒரு பங்கு. மண் ஈர சென்சாருக்கு 3.3 வோல்ட் நிரந்தரமாகப் போய்க்கொண்டிருந்தால் அதுவும் சேரும். நிரலில் லோரா சிப்பைத் தூங்க வைக்கும் வரி விட்டுப்போயிருந்தால் ஸ்டாண்ட்பையில் ஒன்றரை மில்லிஆம்பியர். கேட்கும் நிலையில் விட்டுவிட்டால் 11.

செய்ய வேண்டியது: எல்இடியைப் பிடுங்குங்கள். ரெகுலேட்டரைக் கழற்றி எம்சிபி1700 போடுங்கள்; அது சும்மா இருக்கையில் எடுப்பது 2 மைக்ரோஆம்பியருக்கும் குறைவு. 250 மில்லிஆம்பியர்தான் தரும் என்பதால் வைஃபையை எந்தச் சூழ்நிலையிலும் எழுப்பாதீர்கள். சென்சாருக்கு மின்சாரத்தை ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட் என்ற மின்னணுச் சுவிட்ச் வழியாகக் கொடுத்து, அளக்கும் நேரம் மட்டும் திறந்துவிடுங்கள். பேட்டரி அளவு பார்க்க இரண்டு 10 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தால் அதுவே நாளுக்கு 5 எம்ஏஎச் கசியும். ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் இரண்டு, நடுவிலிருந்து தரைக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று என்று மாற்றுங்கள்.

அளக்கும் விதத்தில் ஒரு நுணுக்கம். மல்டிமீட்டரை மைக்ரோஆம்பியர் வரம்பில் தொடராக வைத்தால், போர்டு எழும்போது மீட்டருக்குள்ளேயே மின்னழுத்தம் விழுந்து போர்டு மறுபடி மறுபடி ரீசெட் ஆகும். அதனால் மீட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஜம்பர் ஒயர் போட்டு, போர்டு எழுந்து அனுப்பித் தூங்கப் போனபின் ஒயரை எடுங்கள். அப்போது தெரிவதுதான் தூக்க மின்னோட்டம். 10 மைக்ரோஆம்பியருக்கு வந்துவிட்டால் நாளுக்குத் தூக்கம் 0.24, ரேடியோ 0.2, ஈஎஸ்பி32 விழித்து 2 வினாடி 50 மில்லிஆம்பியரில் வேலை செய்வது 2.7. மொத்தம் 3.1 எம்ஏஎச் சொச்சம். காகிதத்தில் 830 நாள். ஐந்து வருடம் வேண்டுமென்றால் இனிக் குறைக்க வேண்டியது விழிப்பு நேரத்தை. அல்லது ஈஎஸ்பி32ஐ விட்டு எஸ்டிஎம்32டபிள்யூஎல் போன்ற, ரேடியோவும் கணிப்பியும் ஒரே சிப்பில் உள்ள மாட்யூலுக்குப் போக வேண்டும்.

3.6 வோல்ட் லித்தியம் தயோனில் குளோரைடு செல் பலருக்கும் ஆசை. ஈஆர்14505 நல்ல செல்தான். ஆனால் மாதக்கணக்கில் சும்மா இருந்தால் உள்ளே ஒரு படலம் படர்ந்து, திடீரென்று 120 மில்லிஆம்பியர் கேட்டதும் மின்னழுத்தம் சரிந்துவிடும். இணையாக, திடீர்த் தேவையைத் தாங்கும் எச்எல்சி வகைக் கெப்பாசிட்டர் ஒன்று வேண்டும். இதை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது, வெடிக்கும். 18650இல் '9900 எம்ஏஎச்' என்று எழுதியிருந்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். உண்மையான 18650 செல்லில் 3500 அளவே வழக்கம்.

கேள்வி: எஸ்எஃப்12இல் வைத்தால் அதிக தூரம் போகும் என்கிறார்கள். நிரந்தரமாக அதிலேயே வைத்துவிடலாமா? திங்ஸ் நெட்வொர்க் என்ற பொது லோராவான் பிணையத்தில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலை அனுப்புகிறேன்.
– பள்ளி அறிவியல் ஆசிரியர், நாமக்கல்

கூடாது. எஸ்எஃப் ஒரு படி ஏறினால் ஏர்டைம், அதாவது செய்தி காற்றில் இருக்கும் நேரம், ஏறக்குறைய இரட்டிப்பாகும். எஸ்எஃப்7இல் 62 மில்லிவினாடி எடுத்த அதே 10 பைட், எஸ்எஃப்12இல் 1,483 மில்லிவினாடி எடுக்கும், 24 மடங்கு. திங்ஸ் நெட்வொர்க்கின் இலவசச் சேவையில் ஒரு கருவி நாளுக்கு 30 வினாடிதான் பேசலாம். எஸ்எஃப்12இல் அது 20 செய்தி. நீங்கள் அனுப்புவது 144. தூரம் போதவில்லை என்றால் ஆன்டெனாவை உயர்த்துங்கள், எஸ்எஃப்ஐ அல்ல. ஓரிடத்தில் நிற்கும் கருவிக்கு ஏடிஆர் வசதியை இயக்கிவிட்டால் பிணையமே வேகத்தைச் சரிசெய்துகொள்ளும். பேருந்திலோ ஆட்டுக் கழுத்திலோ போகும் கருவிக்கு ஏடிஆரை அணைத்துவிடுங்கள்.

செய்தியையும் சுருக்குங்கள். மாணவர்கள் வெப்பம் 29.45, ஈரப்பதம் 71.2, பேட்டரி 3.61 என்பதைப் பெயரோடு எழுத்தாகவே அனுப்புவார்கள். ஆங்கிலச் சுருக்கத்தில் எழுதினாலும் 28 பைட். அதையே எண்ணாக மடித்தால் நான்கு பைட். 29.45ஐ நூறால் பெருக்கினால் 2945. அதை 256ஆல் வகுத்தால் ஈவு 11, மீதி 129. இவை முதல் இரண்டு பைட். ஈரப்பதத்தை இரண்டால் பெருக்கினால் 142, மூன்றாவது. பேட்டரியின் 3610 மில்லிவோல்ட்டை 20ஆல் வகுத்தால் 180, நான்காவது. எஸ்எஃப்10இல் 28 பைட் செய்தி 535 மில்லிவினாடி எடுக்கும், 4 பைட் செய்தி 330. குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தால் மைனஸ் வருமே என்று கேட்பீர்கள்: பெறும் பக்கத்தில் முதல் பைட்டை 256ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டிய எண் 32767ஐத் தாண்டினால் 65536ஐக் கழித்துவிடுங்கள். இதை மறந்தால் மைனஸ் 2 டிகிரி, 653 டிகிரியாகத் தெரியும்!

கேள்வி: லோரா வழியாகப் புகைப்படம் அனுப்ப முடியுமா?
– வாசகர், தூத்துக்குடி

50 கிலோபைட் படத்தை எஸ்எஃப்7இல் 222 பைட் துண்டுகளாக்கினால் 231 துண்டு, காற்றில் மட்டும் 85 வினாடி. எஸ்எஃப்12இல் ஆயிரம் துண்டு, 47 நிமிடம். சிம் போடுங்கள்.

கேள்வி: கேட்வே கன்சோலில் என் கருவியின் ஜாயின் (பிணையத்தில் சேரும்) கோரிக்கை தெரிகிறது. ஆனால் கருவி சேரவே மாட்டேன் என்கிறது. சாவியை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். எல்எம்ஐசி நிரல், ஆர்எஃப்எம்95.
– மென்பொருள் பணியாளர், கோவை

கோரிக்கை தெரிகிறது என்பதால் போகிற வழி சரி. சாவி அல்லது திரும்பும் வழிதான் கோளாறு. சாவியின் எழுத்துகளை மூன்று முறை பார்த்திருப்பீர்கள், வரிசையைப் பார்த்தீர்களா? எல்எம்ஐசி என்ற லோராவான் நிரல் தொகுப்பில், கருவியின் அடையாளமான டெவ்ஈயூஐயையும் செயலியின் அடையாளமான ஆப்ஈயூஐயையும் கடைசி பைட் முதலாகத் தலைகீழாக எழுத வேண்டும், ரகசியச் சாவியான ஆப்கீயை மட்டும் நேராக. மூன்றையும் ஒரே மாதிரி ஒட்டிவிட்டு ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய. உங்கள் டெவ்ஈயூஐ கன்சோலில் சரியாகத் தெரிந்து, செய்திச் சரிபார்ப்பு பொருந்தவில்லை என்று பிழை வந்தால் ஆப்கீயைத் தலைகீழாக எழுதியிருக்கிறீர்கள்.

'டெவ்நான்ஸ் ஏற்கெனவே பயன்பட்டது' என்று பிழை வந்தால் விஷயம் வேறு. புதிய பதிப்புகளில் ஒவ்வொரு ஜாயினுக்கும் அந்த எண் ஏறிக்கொண்டே போக வேண்டும். போர்டை ரீசெட் செய்யும்போதெல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் சர்வர் நிராகரிக்கும். எண்ணை அழியா நினைவகத்தில் சேமித்து வையுங்கள்.

சர்வர் ஏற்றுக்கொண்டும் கருவி சேரவில்லையா? ஏற்புச் செய்தி, கருவி பேசி முடித்த சரியாக 5ஆவது வினாடியில் அல்லது 6ஆவது வினாடியில் வரும். கருவி காது கொடுக்கும் அந்தச் சிறு நேரத்தை, அதாவது ஜன்னலை, தவறவிட்டால் போச்சு. ஆர்எஃப்எம்95இன் டிஐஓ0 காலோடு டிஐஓ1 காலையும் இணைத்தீர்களா? டிஐஓ1 இல்லாவிட்டால் ஜன்னலில் நேரம் முடிந்ததே எல்எம்ஐசிக்குத் தெரியாது. உள் ஆஸிலேட்டரில் ஓடும் போர்டென்றால் கடிகாரப் பிழைக்கான அமைப்பில் ஒரு சதவீதம் கொடுத்துப் பாருங்கள். இரண்டாவது ஜன்னல் இந்தியாவுக்கு 866.55 மெகாஹெர்ட்ஸ், எஸ்எஃப்10. ஐரோப்பிய இயல்பு மதிப்பு அப்படியே கிடந்தால் அங்கே யாரும் பேச மாட்டார்கள். சோதிக்கும்போது கருவியைக் கேட்வே பக்கத்திலேயே வைத்தாலும் தொல்லைதான், காதுக்குள் கத்துவதுபோல ஆகிவிடும். பத்து மீட்டரும் ஒரு சுவரும் இடையில் இருக்கட்டும்.

கேட்வே 4ஜி டாங்கிளில் ஓடுகிறது என்றால் அதன் பதிவேட்டில் 'டூ லேட்' என்று வருகிறதா பாருங்கள். சர்வரின் பதில் நேரத்துக்கு வந்து சேரவில்லை என்று பொருள். கருவியை என்ன நோண்டினாலும் அது சரியாகாது.

கேள்வி: மும்முனை மின்சாரம் வந்ததும் வீட்டிலிருந்தே மோட்டாரைப் போட, நிறுத்த வேண்டும். வீட்டுக்கும் போர்வெல்லுக்கும் 800 மீட்டர். லோராவான் செட் வாங்கட்டுமா?
– நெல் விவசாயி, மன்னார்குடி

இரண்டு கருவிகளுக்கு லோராவான் வேண்டாம், நேரடி லோரா போதும். லோராவானில் பேட்டரிக் கருவிகள் கிளாஸ் ஏ வகை. தாமே ஏதாவது அனுப்பிய பிறகு இரண்டு முறை சற்று நேரம் மட்டும் காது கொடுக்கும், பிறகு தூங்கிவிடும். நீங்கள் 'நிறுத்து' என்று அனுப்பியது அது அடுத்து விழிக்கும்வரை காத்துக்கிடக்கும். மோட்டாருக்கு எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும் கிளாஸ் சி வேண்டும். நேரடி லோராவிலும் அதேபோல் கேட்கும் நிலையிலேயே விடுங்கள். 11 மில்லிஆம்பியர்தான், மோட்டார் ரூமில் மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. மின்வெட்டு நேரத்துக்கு ஒரு சிறு பேட்டரி இருக்கட்டும்.

'ஓடு', 'நில்' என்று இரண்டு கட்டளை வைக்காதீர்கள். 'ஓடு, 30 நிமிடம்' என்று வையுங்கள். 'நில்' வழியில் தொலைந்தாலும் மோட்டார் தானே நிற்கும். தொட்டிப் பக்கமும் ஒரு கருவி வைத்தால் அது நிமிடத்துக்கு ஒருமுறை மட்டம் சொல்லட்டும்; பத்து நிமிடம் சத்தமே இல்லையென்றால் மோட்டாரை நிறுத்தும்படி எழுதுங்கள். ஒவ்வொரு கட்டளையிலும் ஏறிச்செல்லும் வரிசை எண் ஒன்றும், மறையாக்கமும் இருக்க வேண்டும். இல்லையேல் அதே மாட்யூல், அதே இயல்பு அமைப்பில் வாங்கிய பக்கத்து வயல்காரர் பொத்தானை அமுக்க, உங்கள் மோட்டார் ஓடும்.

ரிலே போர்டில் நேராக மோட்டாரைக் கட்ட வேண்டாம். ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானுக்கு இணையாக ஒரு ரிலே இரண்டு வினாடி மூடித் திறக்கட்டும். சிவப்புப் பொத்தானுக்குத் தொடராக, வழக்கமாக மூடியிருக்கும் இன்னொரு ரிலே. ஓவர்லோடு ரிலேயும் ஒருமுனைத் தடுப்பானும் அப்படியே இருக்க வேண்டும். ஸ்டார்ட்டருக்குள் இருப்பது 415 வோல்ட், இந்த இணைப்பை எலக்ட்ரீஷியன் செய்யட்டும். காண்டாக்டர் 'டக்' என்று விழும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆனால் அதன் காயிலுக்குக் குறுக்கே மின் உதைப்பை அடக்கும் ஆர்சி ஸ்னப்பர் போடச் சொல்லுங்கள். ஆன்டெனாவை ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அது இரும்புப் பெட்டி.

கேள்வி: தறிக்கூடத்தில் 120 சென்சார், ஒரே கேட்வே. பவர் கட் ஆகி வந்தால் பாதி காணாமல் போகிறது. இன்னொரு கேட்வே வாங்கணுமா?
– தறிக்கூட மேலாளர், பள்ளிபாளையம்

வாங்க வேண்டாம். மின்சாரம் வந்த அதே நொடியில் 120ம் சேர்ந்து கத்துகின்றன. ஒவ்வொரு கருவியும் எழுந்ததும் 0 முதல் 300 வினாடிக்குள் ஏதோ ஒரு நேரம் காத்திருந்து பேசும்படி நிரலை மாற்றுங்கள். அடுத்து, எல்லாச் செய்திக்கும் ஒப்புகை கேட்டிருந்தால் நிறுத்துங்கள். கேட்வே ஒப்புகை அனுப்பும் நேரத்தில் அதற்குக் காது கேட்காது. ஒப்புகை வராத கருவி மறுபடி கத்தும், அதனால் கூட்டம் இன்னும் கூடும். பத்து நிமிடத்துக்கு ஒரு செய்தி என்றால் எஸ்எஃப்7இல் 120 கருவிகளும் சேர்ந்து எடுப்பது மொத்த நேரத்தில் 1.2 சதவீதம். எஸ்எஃப்12இல் 30 சதவீதம். மூன்று இயல்புச் சேனல்களில் அதைப் பரப்பினால் ஐந்தாறு செய்திக்கு ஒன்று மோதி அழியும். ஒரே கூடத்துக்குள் எஸ்எஃப்12 எதற்கு?

கேள்வி: படகிலிருந்து கரைக்குச் செய்தி அனுப்ப மெஷ்டாஸ்டிக் உதவுமா? எவ்வளவு தூரம்?
– மீனவர், நாகப்பட்டினம்

மெஷ்டாஸ்டிக் என்பது லோரா கருவிகள் கேட்வே இல்லாமல் தமக்குள் செய்தியைக் கைமாற்றும் மென்பொருள். கடலில் மரமில்லை, எல்லை பூமியின் வளைவுதான். படகில் 3 மீட்டர், கரையில் 10 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா என்றால் ரேடியோ அடிவானம் சுமார் 20 கிலோமீட்டர், 11 கடல் மைல் அளவு. இரண்டு படகுகளுக்கிடையே 14 கிலோமீட்டர். நடுவில் ஒரு படகு இருந்தால் செய்தி தாவிப் போகும். இயல்பாக மூன்று தாவல், அதிகபட்சம் ஏழு. அமைப்பில் பகுதியை இந்தியா என்று தேர்ந்தெடுத்த பிறகுதான் கருவி பேசவே தொடங்கும். எல்லாப் படகிலும் ஒரே சேனல், ஒரே சாவி இருக்க வேண்டும். 'வலை போட்டாச்சு', 'ஐஸ் வேணும்' என்பதற்கு நல்ல கருவி. ஆபத்துக்கு இதை நம்ப வேண்டாம். இதைக் கேட்க யாரும் இரவும் பகலும் உட்கார்ந்திருக்கவில்லை; விஎச்எஃப் 16ஆவது சேனலும் ஆபத்து அறிவிப்புக் கருவியும் படகில் இருந்தே ஆக வேண்டும். உப்புக்காற்றில் இணைப்பி ஒரு பருவத்தில் பச்சை பூத்துவிடும். திருகிய பிறகு, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்.

கேள்வி: லோரா, என்பி-ஐஓடி, சிக்ஃபாக்ஸ் – எது நல்லது?
– வாசகர், சென்னை

லோராவுக்குப் போட்டியான ரேடியோ பிணையத்தை நடத்திய சிக்ஃபாக்ஸ் நிறுவனம் 2022 ஜனவரியில் திவால் நடவடிக்கைக்குப் போய், அதே ஆண்டு சிங்கப்பூரின் யூனாபிஸ் கைக்கு மாறியது. ஒரே நிறுவனத்தின் பிணையத்தை நம்புவதில் உள்ள அபாயத்துக்கு அது சாட்சி. கைபேசி டவர் வழியாகப் பேசும் என்பி-ஐஓடிக்கு டவர் உங்கள் இடத்தில் இருந்தால் கேட்வே தொல்லை இல்லை. கருவிக்கு ஒரு சிம், மாதக் கட்டணம். ஊர் முழுக்கச் சிதறிய மின் மீட்டர்களுக்கு அது. ஒரே தோப்பில், ஒரே ஆலையில் குவிந்த கருவிகளுக்கு லோராவான்.

கேள்வி: மொட்டை மாடி கேட்வே போன மழையில் இடி இறங்கிச் செத்தது. இம்முறை என்ன செய்ய?
– வாசகர், திருநெல்வேலி

ஆன்டெனா மாடியின் மிக உயரமான பொருளாக இருக்கக் கூடாது; இடிதாங்கிக் கம்பி அதைவிட உயர்ந்து, ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி நிற்கட்டும். ஆன்டெனா கேபிளில், இடியின் மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பும் வாயுக்குழாய் வகை அரெஸ்டர் போட்டு, அதன் உடலைத் தடித்த செப்பு ஒயரால் எர்த்துக்கு இணைக்க வேண்டும். எர்த் இல்லாத அரெஸ்டர் வெறும் அலங்காரம். பலர் விட்டுவிடுவது லேன் கேபிளை. இடி அருகில் விழுந்தால் பாதி நேரம் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது, அதற்கும் தனி அரெஸ்டர் உண்டு. பெட்டியின் அடியில் 5 மில்லிமீட்டர் துளை ஒன்று விடுங்கள். முழுக்க அடைத்தால் உள்ளே வியர்த்து போர்டில் சொட்டும். கேபிள்கள் அடிப்பக்கத்திலிருந்தே நுழையட்டும், நுழையுமுன் ஒரு வளைவு தொங்கட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ராஸ்பெரி பை என்றால் மின்வெட்டில் முதலில் போவது எஸ்டி அட்டை. ஓடும் நிலையில் ஒரு நகல் எடுத்து, இன்னொரு அட்டையில் எழுதி, பெட்டிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள்.